கானாவின் அந்த ஒரு பெனால்டி: 2010-ன் கணக்கு நேற்று தீர்ந்ததா?

கடைசி_நிமிடம் | 3 டிசம்பர் 2022, காலை 6.10

கத்தார் உலகக் கோப்பை, முதல் சுற்றின் கடைசி ஆட்டம். உருகுவே 2, கானா 0. அந்தப் பக்கம் தென்கொரியா போர்ச்சுகலை 2-1 என்று ஜெயித்ததால் இரண்டு அணியும் மூட்டை கட்டியாயிற்று. ஆட்டம் முடிந்து ஏழெட்டு மணி நேரமாகிறது, எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

வாட்ஸ்அப் முழுக்க ஒரே படம்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஜெர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிற உருகுவே வீரர் சுவாரஸ். கீழே "பன்னிரண்டு வருஷக் கணக்கு தீர்ந்தது" என்று எழுதி அனுப்புகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. கானாவும் தோற்றுத்தானே வெளியே போனது? கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் சேர்ந்து தெருவில் நின்றால் அதற்குப் பெயர் கணக்குத் தீர்ப்பதா?

அன்றைக்குப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி, காலிறுதி. நம் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது. ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, கேமரூன், ஐவரி கோஸ்ட், அல்ஜீரியா என்று ஐந்து அணிகள் முதல் சுற்றோடு சரி. மிச்சம் கானா மட்டும். தென்னாப்பிரிக்கர்கள் தங்கள் அணியின் செல்லப்பெயரான 'பஃபானா பஃபானா'வைக் கொஞ்சம் மாற்றி 'பகானா பகானா' என்று கானாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அரங்கில் 84 ஆயிரம் பேர். ஒரு கண்டமே பின்னால் நிற்கிற மாதிரி வுவுசெலா ஊதல் சத்தம்.

முதல் பாதி முடிகிற நேரத்தில் கானாவின் முன்டாரி வெகு தூரத்திலிருந்து அடித்த இடதுகால் ஷாட் உள்ளே போனது. 55-வது நிமிடம் உருகுவேயின் ஃபோர்லான் அடித்த ஃப்ரீ கிக், 1-1. அப்புறம் எக்ஸ்ட்ரா டைமின் கடைசி வினாடிகள். வலப்பக்கத்திலிருந்து கானாவுக்கு ஃப்ரீ கிக். உருகுவே கோல் கீப்பர் முஸ்லேரா முன்னால் வந்து பந்தைத் தவறவிட்டார். அப்பையா அடித்ததை லைனில் நின்ற சுவாரஸ் காலால் தடுத்தார். திரும்பி வந்ததை அடியா தலையால் முட்டினார். பந்து கோலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. சுவாரஸ் இரண்டு கையையும் தூக்கி அதை வெளியே தள்ளினார்.

ரெட் கார்டு. பெனால்டி. அசமோவா கியான் ஓடி வந்து அடித்தார். பந்து மேல்கம்பத்தில் பட்டு வானத்துக்குப் போனது. சுரங்கப்பாதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுவாரஸ் துள்ளிக் குதித்தார். அடுத்த கணமே விசில். ஷூட் அவுட்டில் 4-2 என்று உருகுவே ஜெயித்தது. எந்த ஆப்பிரிக்க அணியும் அதுவரை அரையிறுதிக்குப் போனதில்லை; கானா போயிருந்தால் அதுதான் முதல்.

அந்த ராத்திரி கல்லூரி விடுதியில் முப்பது பேர் ஒரு டிவி முன்னால் இருந்தோம். யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

என் கேள்வி இதுதான். சுவாரஸை வெறுப்பதிலேயே பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. அதில் அந்த அணியையே மறந்துவிட்டோமா?

---

கத்தார்_வெயில் | 3 டிசம்பர் 2022, காலை 9.45

அண்ணே, நேற்று நான் அல் ஜனூப் அரங்கத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை, லீவு. என்னோடு வேலை பார்க்கிற கானாக்காரர் ஒருவர், குமாசி ஊர், இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அல் வக்ரா ஸ்டேஷன் வரை மெட்ரோ, அங்கிருந்து பஸ். வழி நெடுக அவர் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். சுவாரஸ் இல்லை. அடியா. "அந்த ஹெட்டர் கோல்தான்" என்று.

பெரிய திரையில் சுவாரஸ் முகம் வரும்போதெல்லாம் அரங்கமே ஊளையிட்டது. இருபதாவது நிமிடம் தாண்டி கானாவின் குதுஸை உருகுவே கீப்பர் ரோசெட் இடித்தார் என்று வீடியோ பார்த்து பெனால்டி கொடுத்தார்கள். பந்தை எடுத்து வைத்தது ஆந்த்ரே அயூ. 2010 அணியில் இருந்தவர்களில் இந்த முறை வந்திருந்தவர் அவர் ஒருவர்தான். என் நண்பர் சட்டென்று திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "நீ பார்த்துச் சொல்" என்றார். ரோசெட் பிடித்துவிட்டார். நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் உருகுவேயின் அராஸ்காயேட்டா இரண்டு கோல் போட்டார். இரண்டிலும் சுவாரஸுக்குப் பங்கு இருந்தது.

கடைசியில் நடந்ததை டிவியில் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. கொரியா இரண்டாவது கோல் போட்ட செய்தி போனில் வந்ததும் எங்களைச் சுற்றியிருந்த கானா ஜனம் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. உருகுவே இன்னொரு கோல் போட்டால் அவர்கள் உள்ளே. போடவிடாமல் தடுப்பதுதான் கானாவின் கடைசி ஐந்து நிமிட வேலை. தங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள். என் நண்பரும் ஆடினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதார்.

---

நேர்க்கோடு | 3 டிசம்பர் 2022, காலை 10.20

//சுவாரஸை வெறுப்பதிலேயே பன்னிரண்டு வருஷம் போய்விட்டது//

வெறுக்கத்தான் வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் பேட்டியில் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று சொன்ன ஆள் அவர். நான் ரெட் கார்டு வாங்கினேன், பெனால்டியைத் தவறவிட்டது கானாக்காரர், என் தப்பு என்ன என்கிறார். 2010-ல் அதைவிட மோசம். கடவுளின் கை இப்போது என்னிடம் என்று பெருமை பேசினார்.

ரக்பியில் இப்படி நடந்தால் பெனால்டி ட்ரை என்று புள்ளியையே கொடுத்துவிடுவார்கள். கூடைப்பந்தில் வளையத்தை நோக்கி இறங்குகிற பந்தைத் தட்டினால் கூடை விழுந்ததாகவே கணக்கு. கால்பந்தில் மட்டும் திருடனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, திருட்டுக் கொடுத்தவனிடம் "பன்னிரண்டு கஜம் தள்ளி நின்று அடி, விழுந்தால் உன் பொருள் உனக்கு" என்கிறார்கள். இது நியாயமா?

---

மஞ்சள்_அட்டை | 3 டிசம்பர் 2022, மதியம் 12.05

மாவட்ட அளவில் பதினாறு வருஷமாக நடுவராக இருக்கிறேன். இந்த ஹேண்ட்பால் கேள்வியை எந்த ஊர் டோர்னமென்டுக்குப் போனாலும் யாராவது கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போர்ச்சுகல் நடுவர் பென்கெரென்சா அன்று சட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தார். கோலாகப் போகிற பந்தை வேண்டுமென்றே கையால் தடுத்தால் ரெட் கார்டும் பெனால்டியும். அடுத்த ஆட்டத்துக்குத் தடை. சுவாரஸ் நெதர்லாந்துக்கு எதிரான அரையிறுதியில் ஆடவில்லை, உருகுவே 3-2 என்று தோற்றது. ஆக, தண்டனை இல்லாமல் தப்பினார் என்பது சரியல்ல.

இன்னொன்று. இதை இங்கே யாரும் சொல்லாததால் சொல்கிறேன். அதே உலகக் கோப்பையில், அதே சட்டம் கானாவுக்குக் கை கொடுத்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

செர்பியாவுக்கு எதிரான முதல் ஆட்டம். எண்பது நிமிடத்துக்கு மேல் 0-0. குஸ்மானோவிச் பாக்ஸுக்குள் பந்தைக் கையால் தொட்டார். பெனால்டி, கியான் போட்டார், 1-0. இரண்டாவது ஆட்டம் ஆஸ்திரேலியாவோடு, ரஸ்டன்பர்க்கில். 24-வது நிமிடம் கோல் லைனில் நின்ற ஹாரி கியூவெலின் கையில் பந்து பட்டது. ரெட் கார்டு. பெனால்டி. கியான் போட்டார், 1-1. வேண்டுமென்று செய்யவில்லை என்று கியூவெல் எவ்வளவோ மன்றாடினார்.

யோசித்துப் பாருங்கள். லைனில் நின்றவன் கை, ரெட் கார்டு, பெனால்டி, அடிப்பவர் கியான். ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது அப்படியே இரண்டு வாரத்துக்கு முன்பு நடந்திருக்கிறது, முடிவு மட்டும் வேறு. முதல் சுற்றில் கானா போட்ட கோல் மொத்தமே இரண்டு, இரண்டும் அந்தப் பெனால்டிகள்தான். அவை இல்லாவிட்டால் காலிறுதி என்ற பேச்சே கிடையாது.

அதற்காக சுவாரஸ் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சட்டம் கானாவைக் கைவிட்டது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

---

முற்றவெளி | 3 டிசம்பர் 2022, பிற்பகல் 2.40

நடுவர் ஐயா சொன்னதை நான் முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருஷம் உதைபந்தாட்டம் விளையாடினவன், பின்களத்தில். கடைசி நிமிஷம், கோல் கோட்டில் நிற்கிறாய், பந்து தலைக்கு மேலால் போகுது. கை தானாகவே எழும்பும். யோசிக்க நேரம் இல்லை. அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ, சுவாரஸுக்குப் பக்கத்தில் நின்ற ஃபூசிலேயும் கையைத் தூக்கிக்கொண்டுதான் பாய்கிறார். அவருக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

உருகுவேக்காரர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்லுவார்கள். அந்த ஃப்ரீ கிக்கே கொடுத்திருக்கக் கூடாது, இடையில் ஒரு ஓஃப்சைட் இருந்தது என்பார்கள். அதுக்குள் நான் இறங்க வரவில்லை. ஆனால் முப்பத்தைந்து லட்சத்துக்குள் சனத்தொகை உள்ள ஒரு சின்ன நாடு. 1930-இலும் 1950-இலும் உலகக் கிண்ணம் எடுத்துவிட்டு, 1970-க்குப் பிறகு நாற்பது வருஷம் அரையிறுதியைக் காணாமல் இருந்த நாடு. அவர்களுக்கும் ஒரு ஏக்கம் இருந்தது தானே? கானாவின்ரை கண்ணீர் மட்டும்தான் கண்ணீர் என்று கதைக்கிறது எனக்குச் சரியாய்ப் படவில்லை.

---

நேர்க்கோடு | 3 டிசம்பர் 2022, பிற்பகல் 3.15

ஐயா, கை தானாக எழும்பும் என்பதை ஏற்கிறேன். எழும்பியதற்கு நான் அவரைக் குறை சொல்லவில்லை. கியான் தவறவிட்டபோது வாசலில் நின்று குதித்தாரே, அது தானாக வந்ததா? எனக்கு ஆறாதது அதுதான்.

மஞ்சள்_அட்டை சாரிடம் ஒரு கேள்வி. கியூவெல் விஷயம் நான் மறந்தே போயிருந்தேன், சொன்னதற்கு நன்றி. ஆனால் அது 24-வது நிமிடம். பத்துப் பேரோடு ஆஸ்திரேலியா இன்னும் அறுபத்தைந்து நிமிடம் ஆடவேண்டியிருந்தது. ரெட் கார்டுக்கு அங்கே விலை உண்டு. 120-வது நிமிடத்தில் அதே ரெட் கார்டுக்கு என்ன விலை? அதற்கப்புறம் ஆட்டமே இல்லையே. ஒரே குற்றம், ஒரே தண்டனை, ஆனால் கடைசி நிமிடத்தில் செய்தால் பாதிக்குப் பாதி தள்ளுபடி. சட்டத்தில் இருக்கிற ஓட்டை இதுதான் என்கிறேன்.

---

மஞ்சள்_அட்டை | 3 டிசம்பர் 2022, மாலை 5.30

நல்ல கேள்வி, தம்பி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கோலையே கொடுத்துவிடலாம் என்பதில் உள்ள சிக்கல் இது. "நிச்சயமாக கோல்" என்று யார் தீர்மானிப்பது? கூடைப்பந்தில் பந்து எந்தப் பக்கம் போகிறது, வளையம் எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. கால்பந்தில் லைனில் இன்னொருவன் நிற்பான், கீப்பர் விழுந்து எழுந்து வருவான், கம்பத்தில் படலாம். அன்றைக்கே சுவாரஸ் கையை இறக்கியிருந்தால் ஃபூசிலே தலையால் தட்டியிருப்பாரா? நான் பலமுறை பார்த்தேன், கோல்தான் என்று என் மனசு சொல்கிறது. ஆனால் மனசு சொல்வதை வைத்து ஸ்கோர்போர்டை மாற்றும் அதிகாரத்தை மாவட்ட லீகில் என் கையில் கொடுத்தால், எனக்கே பயமாக இருக்கும்.

2016-ல் விதிகளை மாற்றினார்கள். பாக்ஸுக்குள் பந்தை எடுக்கப் போய்த் தவறுதலாக ஆளைத் தடுத்தால் மஞ்சள் போதும் என்று இறக்கினார்கள். வேண்டுமென்றே கையால் தடுப்பதற்கு அந்தச் சலுகை தரவில்லை, சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிற 120-வது நிமிடப் பிரச்சினையை யாரும் தொடவில்லை. அது உண்மை.

---

மாலைப்பயிற்சி | 3 டிசம்பர் 2022, இரவு 8.50

பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், பதினான்கு வயதுக்குக் கீழ். இழையில் எல்லாரும் ஒரே நிமிடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். மீதி 119 நிமிடத்தைப் பற்றி யாராவது பேசுங்களேன்! அந்த அணி எப்படி ஆடியது என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

முதலில், எசியன் இல்லை. அந்தக் காலத்தில் கானாவின் மிகப் பெரிய பெயர். அந்த வருஷ ஜனவரியில் அங்கோலாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையிலேயே முழங்கால் போய்விட்டது. அப்படி இருந்தும் அந்தக் கோப்பையில் சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு இறுதி வரை போய் எகிப்திடம் 1-0 என்று தோற்றார்கள். அந்தப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள்? 2009 அக்டோபரில் கெய்ரோவில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி. பிரேசிலுக்கு எதிராக, முதல் பாதியிலேயே ஒருவரை ரெட் கார்டில் இழந்து, பத்துப் பேரோடு 120 நிமிடம் 0-0 என்று தாக்குப்பிடித்து, பெனால்டியில் ஜெயித்தது கானா. ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பட்டம் அதுதான் முதல் முறை. அதில் அதிக கோல் போட்டவர், சிறந்த வீரர் விருது வாங்கியவர் யார் தெரியுமா? டொமினிக் அடியா. கத்தார் தம்பியின் நண்பர் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்த அதே அடியா. அந்த அணியின் கேப்டன் ஆந்த்ரே அயூ.

பயிற்சியாளர் ராஜேவாக், செர்பியாக்காரர். முன்னால் கியான் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு நடுக்களத்தில் ஆள் நிரப்புவார். அன்னான் என்று ஒரு பையன், பேர் வெளியே தெரியாது, எதிராளியின் காலடியிலேயே நின்று பந்தைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். கோல் அபூர்வம். ஆனால் இவர்களை உடைக்க முடியாது. என் பிள்ளைகளுக்கு இன்றும் நான் போட்டுக் காட்டுவது 2010 இரண்டாம் சுற்றில் அமெரிக்காவுக்கு எதிரான அந்த 93-வது நிமிட கோல்தான். அயூ பின்னாலிருந்து தூக்கிப் போட்ட பந்து, இரண்டு பேர் நெருக்கியும் தோளைக் கொடுத்துத் தாங்கி, பந்து தரையில் பட்டு எழும்பும்போதே கியான் இடது காலால் அடித்தது.

அதே ஆட்டத்தில் அயூ மஞ்சள் அட்டை வாங்கி காலிறுதிக்குத் தடையானார். ஜொனாதன் மென்சாவும் அப்படித்தான். அந்தக் காலிறுதியில் கானா எவ்வளவு குறைவான கையிருப்போடு இறங்கியது என்பதை யாரும் சொல்வதில்லை. நேற்று அயூ பெனால்டிக்கு வந்து நின்றபோது எனக்கு வயிறு பிசைந்ததற்கு அதுவும் காரணம். பன்னிரண்டு வருஷம் முன்பு ஆட முடியாமல் வெளியே உட்கார்ந்து பார்த்த பையன்.

---

கடைசி_நிமிடம் | 3 டிசம்பர் 2022, இரவு 10.15

அக்கா, இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை. நன்றி.

நடுவர் சார் சொன்ன கியூவெல் விஷயம் என்னையும் மாற்றிவிட்டது. காலையில் எழுதும்போது எனக்கு அது நினைவிலேயே இல்லை. நமக்குச் சாதகமாக வந்ததை மறந்துவிடுகிறோம், பாதகமாக வந்தது மட்டும் படமாக நிற்கிறது.

கியானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல்கம்பத்தில் அடித்துவிட்டு அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆட்டம் முடிந்து சில நிமிடங்களில் ஷூட் அவுட். ஃபோர்லான் போட்டார். கானாவுக்கு முதல் உதை யார்? கியான்! வேறு யாராக இருந்தாலும் "என்னால் முடியாது" என்று பின்னால் போயிருப்பார்கள், யாரும் குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நடந்து வந்தார், பந்தை வைத்தார், மேல் மூலைக்குள் செருகினார். அதே கோல் கீப்பர். அதே கால். ஒரு கண்டத்தின் பாரத்தைத் தவறவிட்ட மனுஷன் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பது என்றால் என்ன நெஞ்சு வேண்டும்!

அதற்கப்புறம் கேப்டன் ஜான் மென்சா இரண்டடி ஓடிவந்து மெதுவாக அடித்ததை முஸ்லேரா பிடித்தார். உருகுவேயின் பெரேரா வானத்துக்கு அடித்து ஒரு வாய்ப்பைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து வந்தது அடியா. அதையும் முஸ்லேரா பிடித்தார். கெய்ரோவின் நாயகன், இருபது வயது. தலையால் முட்டியது கையால் பறிபோயிற்று, காலால் அடித்ததும் போகவில்லை. கடைசியில் உருகுவேயின் அப்ரேயு மெதுவாகச் சொடுக்கி நடுவில் போட்டு முடித்தார்.

நம் ஆட்கள் கியான் தவறவிட்டதை மட்டும் ஆயிரம் முறை போடுகிறார்கள். ஷூட் அவுட்டில் அவர் அடித்ததை யாரும் போடுவதில்லை. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

---

தேமா_துறைமுகம் | 4 டிசம்பர் 2022, காலை 11.30

கானாவில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன், தேமாவில். 2011 முதல் 2017 வரை. கியான் பற்றி எழுதியதால் உள்ளே வந்தேன்.

அங்கே 'பிளாக் ஸ்டார்ஸ்' என்றால் வெறும் அணி இல்லை. நாட்டுக் கொடியின் நடுவில் இருக்கிற கறுப்பு நட்சத்திரம்தான் அணியின் பெயர். நான் போன அடுத்த வருஷம், 2012 பிப்ரவரி, ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதி, ஜாம்பியாவோடு. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே பெனால்டி கிடைத்தது. கியான் வந்து அடித்தார், கீப்பர் தடுத்துவிட்டார். 1-0 என்று தோல்வி. அந்த ராத்திரி நான் இருந்த தெருவில் கியான் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை. கொஞ்ச காலம் நாட்டு அணியை விட்டே விலகி இருந்தார். அந்த வருஷக் கடைசியில் அவர் தாயார் விபத்தில் இறந்தார். நாட்டு அணிக்காக இனிமேல் பெனால்டி அடிக்காதே என்று அந்த அம்மா மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம். 2013 ஆப்பிரிக்கக் கோப்பையில் பெனால்டிகளை அடித்தது வகாசோ. தேமாவில் இதைச் சொல்லும்போது பெரிய ஆம்பளைகள் குரல் தாழ்ந்துவிடும்.

ஆனால் என் மனசில் தைத்தது 2014. பிரேசில் உலகக் கோப்பை. அமெரிக்காவிடம் கடைசி நேர கோலில் 2-1 தோல்வி. அடுத்து ஜெர்மனியோடு 2-2. அந்த வருஷக் கோப்பையை எடுத்த ஜெர்மனி! அந்த ஆட்டம் நடந்த இரவு தெருவெல்லாம் ஹார்ன் சத்தம். அதற்குப் பின்னால் வந்த செய்தி என்ன? தங்களுக்குச் சேரவேண்டிய பணம் வரவில்லை என்று வீரர்கள் பயிற்சிக்குப் போக மறுத்துவிட்டார்கள். அரசாங்கம் முப்பது லட்சம் டாலரை ரொக்கமாக விமானத்தில் ஏற்றி பிரேசிலுக்கு அனுப்பியது. விமான நிலையத்திலிருந்து போலீஸ் காவலோடு பணம் போகிற படம் உலகம் முழுக்க வந்தது. போர்ச்சுகல் ஆட்டத்தன்று முன்டாரியையும் கெவின் பிரின்ஸ் போட்டெங்கையும் ஒழுங்கீனம் என்று அணியை விட்டு அனுப்பினார்கள். அன்று 2-1 தோல்வி. வெளியே.

அந்த வாரம் எங்கள் கிடங்கில் யாரும் சுவாரஸ் பெயரைச் சொல்லவில்லை. மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில், சம்பளம் தள்ளிப் போகிற ஊரில், விமானம் நிறைய ரொக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போர்க்லிஃப்ட் ஓட்டுநர் கியான் படம் ஒட்டிய தன் டிபன் பெட்டியைத் துணியால் சுற்றி மூடி எடுத்து வருவார். காரணம் கேட்டேன், பதில் சொல்லவில்லை.

---

மாலைப்பயிற்சி | 4 டிசம்பர் 2022, மதியம் 1.10

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். சுவாரஸின் கை பறித்தது ஒரு அரையிறுதி. அதற்கப்புறம் பறிபோனது ஒரு தலைமுறை.

2018-க்குத் தகுதியே பெறவில்லை. அதே வருஷம் கானா கால்பந்துச் சங்கத் தலைவர் பணம் வாங்குவது ரகசிய கேமராவில் பதிவாகி வெளியே வந்தது, சங்கத்தையே கலைக்கிற அளவுக்குப் போனது. 2021-ல் என்ன செய்தார்கள்? பதினொரு வருஷத்துக்கு முன் போன அதே ராஜேவாக்கைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். இந்த ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் கொமொரோஸ் என்ற தீவு நாட்டிடம் 3-2 என்று தோற்று முதல் சுற்றிலேயே வெளியே. அந்த ஆட்டத்தில் அயூவுக்கு ரெட் கார்டு. ராஜேவாக்கை அனுப்பிவிட்டார்கள்.

2010-க்குத் திரும்பிப் போகலாம் என்று நினைத்தார்கள் போலும். நான்கு முறை ஆப்பிரிக்கக் கோப்பை எடுத்த நாடு, கடைசியாக எடுத்தது 1982-ல். இருபது வயதுக்குட்பட்ட உலகச் சாம்பியன் பட்டாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டதற்கு சுவாரஸைக் குறை சொல்ல முடியாது.

---

முற்றவெளி | 4 டிசம்பர் 2022, மாலை 4.00

பிள்ளை சொல்றது சரி. ஆனால் இந்த முறை வந்த அணியைக் குறைத்து மதிக்கவேண்டாம். நைஜீரியாவை அபுஜாவிலேயே மறித்து 1-1 என்று சமப்படுத்தி, வெளியூரில் போட்ட கோலுக்கு உள்ள கூடுதல் மதிப்பால் வந்தவர்கள். கொரியாவோடு 3-2 வெற்றி, குதுஸ் இரண்டு கோல். இருபத்திரண்டு வயசுப் பெடியன். அவனுக்கு 2010-இல் பத்து வயசு இருந்திருக்கும். அந்தப் பெடியனின்ரை தலையில் போய்ப் பன்னிரண்டு வருஷப் பழியை ஏற்றினது எவ்வளவு பிழை! குழு தெரிவான உடனேயே கானா உதைபந்தாட்டச் சங்கத் தலைவரே பழிவாங்கல் என்று கதைச்சவர். விளையாட வந்த பிள்ளைகளுக்கு ஒரு சமநிலை கிடைத்தாலே அடுத்த சுற்றுக்கு வாய்ப்பு இருந்த ஆட்டம் அது. பழியை விட்டுப்போட்டு ஆட்டத்தை விளையாடியிருந்தால்?

---

கத்தார்_வெயில் | 4 டிசம்பர் 2022, இரவு 9.20

ஐயா, நீங்கள் எழுதியதை நண்பருக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடைசி ஐந்து நிமிடம் நாங்கள் தடுத்தோமே, அதை முதல் ஐந்து நிமிடத்திலிருந்தே செய்திருக்கலாம்" என்றார்.

---

நேர்க்கோடு | 4 டிசம்பர் 2022, இரவு 11.05

நான் சுவாரஸை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஷூட் அவுட்டில் கியான் அடித்த அந்த முதல் உதையைத் தேடி எடுத்து இன்று நான்கு முறை பார்த்தேன். 2010-ல் பார்க்கவில்லை. அவர் தவறவிட்டதுமே டிவியை அணைத்துவிட்டேன்.

---

கடைசி_நிமிடம் | 13 அக்டோபர் 2025, காலை 7.30

மூன்று வருஷப் பழைய இழை, மன்னிக்கவும். மேலே கொண்டுவரக் காரணம் இருக்கிறது.

நேற்று அக்ராவில் கானா 1, கொமொரோஸ் 0. கோல் போட்டது குதுஸ். 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி. ஐந்தாவது முறை. ஜெயித்தது எந்த அணியை என்று கவனியுங்கள், 2022 ஜனவரியில் ராஜேவாக்கை வீட்டுக்கு அனுப்பிய அதே கொமொரோஸ். ஒரு வருஷம் முன்பு இதே கானா ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற முடியாமல் தன் பிரிவில் கடைசியாக வந்தது. அந்தக் கோப்பை வருகிற டிசம்பரில் மொராக்கோவில், கானா இல்லாமல். அப்படிப்பட்ட அணி உலகக் கோப்பைக்குப் போகிறது. ஓட்டோ அட்டோதான் பயிற்சியாளர், 2006-ல் கானாவின் முதல் உலகக் கோப்பையில் ஆடியவர்.

கத்தார் தம்பி, இருக்கிறாயா? நண்பர் எப்படி இருக்கிறார்?

---

கத்தார்_வெயில் | 13 அக்டோபர் 2025, மாலை 6.40

இருக்கிறேன் அண்ணே. அவர் போன வருஷம் ஊருக்கே போய்விட்டார், குமாசியில் சின்னதாகக் கடை போட்டிருக்கிறார். நேற்று ராத்திரி வீடியோ கால் வந்தது. கடை வாசலில் அவருடைய பையன், ஏழு வயசு, இரண்டு செங்கல்லைக் கோலாக வைத்துப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். "நீங்க கீப்பர், நான் பெனால்டி அடிக்கிறேன்" என்று அப்பாவைக் கூப்பிட்டான்.

போனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்ச் செங்கல்லுக்கு நடுவில் நின்றார். இந்த முறை முதுகைக் காட்டவில்லை.